48 அங்குலம் எம்பியவர் ஏன் 21-ஆவதாகப் போனார்?

கூடைப்பந்து: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி வீரர்களைப் பற்றியவை. ஒருவருடைய உடல்திறனை எப்படி அளப்பது, அவர் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. வரை போவாரா என்பதை எதை வைத்துச் சொல்வது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2021-இல் சிகாகோ தேர்வு முகாமில் கியான் ஜான்சன் 48 அங்குலம் எம்பினார். சாதனை என்றார்கள். ஆனால் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை 20 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். உடல்திறனுக்கு அவ்வளவுதான் மதிப்பா?
— சேலம் வாசகர்

பதில்: மதிப்பு நிறைய உண்டு. ஆனால் அந்த 48 அங்குலம் காட்டுவது உடல்திறனில் ஒரு துண்டைத்தான். டென்னஸ்ஸி பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜான்சன் முறியடித்தது, 2001-இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் கென்னி கிரெகரி வைத்த 45.5 அங்குலச் சாதனையை. இருபது ஆண்டு நின்ற சாதனை. அந்த கிரெகரியை 2001 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவே இல்லை.

சோதனை நடக்கும் விதத்தைப் பாருங்கள். வீரர் சில அடிகள் ஓடிவந்து, தனக்குப் பிடித்த காலை ஊன்றி, கம்பத்தில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் தகடுகளைத் தட்டுகிறார். எதிரே ஆள் இல்லை. கையில் பந்து இல்லை. மூச்சு வாங்கவில்லை. ஆட்டத்தில் ரிங்குக்குக் கீழே அப்படி ஓடிவர இடம் கிடைப்பது அபூர்வம். அங்கே இடுப்பில் ஒருவர் முட்டிக்கொண்டிருப்பார், பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாது.

ஆகவே எம்புவதைப் பற்றி மூன்று கேள்வி கேட்க வேண்டும். எவ்வளவு உயரம்? எவ்வளவு சீக்கிரம்? இறங்கியதும் மறுபடி எவ்வளவு சீக்கிரம்? முகாமின் எண்கள் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. நின்ற இடத்திலிருந்து எம்பும் அளவும் ஓடிவந்து எம்பும் அளவும் தனித்தனியாக வெளியாகும். ரிங்குக்கு அருகே ஆடுகிற பெரிய ஆட்களுக்கு நின்று எம்பும் அளவையே நான் முக்கியமாக எடுத்துக்கொள்வேன். மூன்றாவது கேள்விக்கு வீடியோதான் ஆதாரம். ஷாட் தவறி, இரண்டு மூன்று கைகள் பந்தைத் தட்டி, எல்லோரும் தரையிறங்கிய பிறகு முதலில் மேலே போவது யார் என்று பாருங்கள். முழங்காலை ஆழமாக மடக்காமல், கணுக்காலிலேயே தரையை உதைத்து மேலே போகிறவர் ரீபவுண்டு எடுப்பார். 48 அங்குலம் எம்புகிறவர் அதற்கு ஒரு நீளமான தயாரிப்பு எடுத்துக்கொண்டால், அதற்குள் பந்து வேறொருவர் கையில் இருக்கும்.

இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பேட் கானட்டன் 2015 முகாமில் 44 அங்குலம் எம்பினார். அவர் போனது 41-ஆவது இடத்தில். ஆனாலும் லீகில் நிலைத்தார், 2021-இல் மில்வாக்கி அணியோடு சாம்பியன் ஆனார். தூரத்திலிருந்து பந்தைப் போடத் தெரிந்ததால்தான் அவருக்கு ஆடுகளத்தில் நிமிடங்கள் கிடைத்தன. அந்த நிமிடங்களில் அவருடைய எம்பல் உதவிக்கு வந்தது.

கேள்வி: அந்த முகாமில் செய்யும் சோதனைகளை எங்கள் பள்ளி மைதானத்தில் செய்து பார்க்க முடியுமா? கருவிகள் எதுவும் இல்லை. டேப்பும் செல்போனும் இருக்கின்றன.
— கோவை, உடற்கல்வி ஆசிரியர்

பதில்: டேப்பும் போனும் போதும். ஆனால் அளப்பதில் சின்னச் சின்னப் பிசகுகள் பெரிய பொய்களாக மாறும், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

உயரம்: காலணி இல்லாமல், குதிகால் சுவரில் பட, காலையில் அளங்கள். ஷூ ஓர் அங்குலத்துக்கும் மேல் சேர்த்துக் காட்டும். முன்பு அமெரிக்காவிலும் ஷூவோடு அளந்த உயரத்தைத்தான் பலர் போட்டுக்கொண்டார்கள். 2019-20 பருவத்திலிருந்து காலணியில்லா உயரத்தையே தர வேண்டும் என்று என்.பி.ஏ. கட்டாயமாக்கியபோது பலர் திடீரென்று குள்ளமானார்கள்.

கை விரிப்பு: சுவரில் முதுகு ஒட்டி, இரு கைகளையும் தோள் மட்டத்தில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை. அறையின் மூலையில் ஒரு விரலை முட்டவைத்தால் அங்கிருந்து டேப் பிடிப்பது எளிது.

நின்றபடி எட்டும் உயரம்: இங்கேதான் அதிகம் ஏமாறுவோம். பாதம் முழுதும் தரையில் இருக்க, ஒரு கையைத் தூக்கி, தோளையும் மேலே தள்ளி எட்டச் சொல்லுங்கள். பையன் தோளைத் தளர்த்தி வைத்தால் எட்டும் உயரம் இரண்டு அங்குலம் குறையும். பிறகு எம்பும்போது அந்த இரண்டு அங்குலம் எம்பல் கணக்கில் ஏறிவிடும். மூன்று முறை அளந்து, அதிகமானதை எழுதுங்கள்.

எம்பல்: விரல் நுனியில் சாக்பீஸ் தூள் தடவி, சுவரில் அடையாளம் விழச் செய்து, எட்டும் உயரத்தைக் கழியுங்கள். சுவர் பயமாக இருந்தால் போனை 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் வைத்து, கால் தரையை விட்ட ஃபிரேமிலிருந்து தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். 168 ஃபிரேம் என்றால் 0.7 நொடி. நேரத்தை அதனாலேயே பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் மீட்டரில் உயரம் வரும். 0.7 நொடிக்கு 0.6 மீட்டர், அதாவது சுமார் 23.5 அங்குலம். முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் நீண்டு, உயரம் கூடுதலாகக் காட்டும். நிமிர்ந்த காலோடு, முன்பாதம் முதலில் தொடும்படி இறங்கச் சொல்லுங்கள்.

முக்கால் கோர்ட் ஓட்டம்: அமெரிக்காவில் இது 75 அடி, அதாவது 22.86 மீட்டர். அங்கே எண்ட் லைனிலிருந்து (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) எதிர் ஃப்ரீ த்ரோ கோடு (தடுப்பவர் இல்லாமல் தண்டனை ஷாட் போடும் கோடு) வரை சரியாக அந்தத் தூரம்தான். நம் மைதானங்கள் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் அளவில் 28 மீட்டர். அதே கோட்டுக்கு 22.2 மீட்டர்தான் வரும். அதைக் கவனிக்காமல் ஓடவிட்டால் ஏறக்குறைய 0.08 நொடி இனாமாகக் கிடைத்துவிடும். அதனால் 22.86 மீட்டரை டேப் வைத்துக் குறியுங்கள். கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச், மின்கருவியைவிட 0.2 நொடி அளவுக்கு வேகமாகக் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள். 2009-இல் இன்றைய என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீபன் கரி ஓடியது 3.28 நொடி. உங்கள் ஸ்டாப்வாட்சில் ஒரு பையன் 3.2 காட்டினால் அவன் கரியை முந்திவிட்டான் என்று நோட்டீஸ் ஒட்ட வேண்டாம்.

லேன் சுறுசுறுப்பு: லேன் என்பது ரிங்குக்கு முன்னால் வரைந்திருக்கும் செவ்வகம். ஃப்ரீ த்ரோ கோட்டின் ஒரு முனையிலிருந்து எண்ட் லைனுக்கு முன்னோக்கி ஓட்டம், அங்கே பக்கவாட்டில் தடுப்பு நடை, திரும்பப் பின்னோக்கி ஓட்டம், மறுபடி பக்கவாட்டில் வந்து புறப்பட்ட இடம். உடனே அதே வழியில் எதிர்த்திசையில் ஒரு சுற்று. மொத்தம் 140 அடி. என்.பி.ஏ. லேன் 16 அடிக்கு 19 அடி. ஃபீபா லேன் 4.9 மீட்டருக்கு 5.8 மீட்டர். இரண்டும் ஒன்றே, இங்கே திருத்தம் தேவையில்லை. பக்கவாட்டில் போகும்போது கால்கள் குறுக்கே பின்னிக்கொண்டால் அந்த முயற்சியைத் தள்ளிவிடுங்கள். கரி இதில் 11.07 நொடி. கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் சிறிய ஆள்) ஆடுகிறவர் 11-ஐ ஒட்டி வந்தால் நன்று, பெரிய ஆட்கள் 12-ஐ ஒட்டி வந்தாலே பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாதை முன்கூட்டியே தெரிந்தது. இரண்டு வாரம் பயிற்சி செய்தால் யாரும் அரை நொடி குறைக்கலாம். எதிராளி எந்தப் பக்கம் போவான் என்று தெரியாதபோது இடுப்பைத் திருப்புகிற வேகம் இதில் வராது.

கேள்வி: கை நீளத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? குட்டைக் கை இருந்தாலும் அதிகமாக எம்பினால் ஈடு ஆகாதா?
— யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: உயரத்தில் ஈடு ஆகும், நேரத்தில் ஆகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாமவர் நின்றபடி 8 அடி 10 அங்குலம் எட்டுகிறார், 30 அங்குலம் எம்புகிறார். இரண்டாமவர் 8 அடி 3 அங்குலம் எட்டுகிறார், 37 அங்குலம் எம்புகிறார். இருவரும் தொடுவது 11 அடி 4 அங்குலம். தாளில் சமம்.

இப்போது 10 அடி 6 அங்குல உயரத்தில் போகும் ஒரு ஷாட்டை மறிக்க வேண்டும். முதலாமவர் 20 அங்குலம் மேலே போனால் போதும், கால் தரையை விட்டு சுமார் 0.17 நொடியில் அங்கே இருப்பார். இரண்டாமவர் 27 அங்குலம் போக வேண்டும், சுமார் 0.21 நொடி. வித்தியாசம் 0.04 நொடி. ஷாட் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போனால், அந்த நேரத்துக்குள் பந்து ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்திருக்கும். பந்தில் விரல் படுவதற்கும் காற்றில் விரல் அலைவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஓர் அடி. போதாததற்கு, அதிகம் எம்ப அதிகம் குனிய வேண்டும், அந்த நேரம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

நிஜ உதாரணங்கள் இரண்டு. மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடிய டிரேமண்ட் கிரீன் காலணியில்லாமல் 6 அடி 6 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஃபார்வர்டுக்குக் குள்ளம் என்று 2012-இல் 35-ஆவது இடம்வரை விட்டுவிட்டார்கள். அவருடைய கை விரிப்போ 7 அடி 1 அங்குலத்துக்கு மேல். 2017-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கு. மறுபக்கம் மயாமி பல்கலைக்கழகத்தின் ஷேன் லார்கின். 2013 முகாமில் 44 அங்குலம் எம்பினார், அந்த ஆண்டின் மிக அதிக அளவு. உயரம் 5 அடி 10 அங்குலம், கை விரிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. 18-ஆவதாகத் தேர்வானார். என்.பி.ஏ.வில் அவரைத் தடுப்பாட்டத்தில் தேடித் தேடித் தாக்கினார்கள், நிலைக்க முடியவில்லை. ஐரோப்பா போனார். துருக்கியின் அனடோலு எஃபெஸ் அணிக்கு 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் யூரோலீக் பட்டம் பெற்றுத் தந்தார், ஒரே ஆட்டத்தில் 49 புள்ளிகள் எடுத்தார். உலகத்தரமான ஆட்டக்காரர். அவரிடம் இல்லாதது ஓர் எட்டு அங்குலக் கை நீளம்.

கேள்வி: கெவின் டுரான்ட் எடை தூக்கும் சோதனையில் தோற்றது உண்மையா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: உண்மை. 2007-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், 185 பவுண்டு எடையை மல்லாந்து படுத்து ஒரு முறைகூட மேலே தள்ள முடியவில்லை. சியாட்டில் அணி இரண்டாவதாக எடுத்தது, 2014-இல் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கினார். நீளமான கைக்கு அந்தச் சோதனையே பாதகம், தண்டு கடக்க வேண்டிய தூரம் அதிகம். ஆட்டத்தில் பலம் வேண்டியது இடுப்பிலும் தொடையிலும். ரிங்குக்கு அருகே தோளில் மோதியபின் வீரரின் பாதை வளைகிறதா, நேராகப் போகிறதா என்பதைப் பாருங்கள். அதுதான் பலத்துக்கான சோதனை.

கேள்வி: ஹைலைட் வீடியோவில் எல்லோரும் நட்சத்திரமாகத் தெரிகிறார்கள். முழு ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது?
— சென்னை, கல்லூரி மாணவி

பதில்: மூன்று முழு ஆட்டம் எடுங்கள். ஒன்று பலமான அணிக்கு எதிராக, ஒன்று வெளியூரில், ஒன்று அவர் மோசமாக ஆடிய நாள். மூன்றாவதுதான் அதிகம் சொல்லும். ஷாட் விழாத நாளில் அவர் வேறு எதனால் அணிக்கு உதவுகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் சுற்றில் பந்தைப் பார்க்காதீர்கள், அந்த வீரரை மட்டும் பாருங்கள். கண் பந்தின் பின்னால் ஓடும்; கட்டிப்போடப் பழக வேண்டும். எதிரணி பந்தோடு வரும் ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு குறி: உதவினார், சும்மா நின்றார், கெடுத்தார். நாற்பது ஐம்பது குறி சேர்ந்தால் ஓர் உருவம் தெரியத் தொடங்கும்.

அடுத்து, நிற்பது. வேகமாக ஓடுகிறவர்கள் நிறையப் பேர், அந்த வேகத்திலிருந்து இரண்டு எட்டில் நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. மூலையில் இருக்கும் ஷூட்டரை நோக்கி ஓடிப்போகிற தடுப்பாளரைக் கவனியுங்கள். கடைசி இரண்டு மூன்று அடியில் இடுப்பைத் தாழ்த்தி, எட்டைச் சுருக்கி, கையை உயர்த்துகிறாரா? அல்லது பறந்துபோய் அவரைத் தாண்டி விழுகிறாரா? பந்தோடு போகும்போதும் இதே கதைதான். அரிசோனா ஸ்டேட்டிலிருந்து 2009-இல் மூன்றாவதாகப் போன ஜேம்ஸ் ஹார்டன் எம்புவதில் பெரிய ஆள் இல்லை. அவருடைய ஆயுதம் சட்டென்று நிற்பது. துரத்தி வந்தவர் இரண்டு அடி தாண்டிப் போயிருப்பார், இவர் நின்று போடுவார். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் உள்ள பி3 போன்ற ஆய்வகங்கள் தரையில் விசைத்தட்டு பதித்து இந்த நிறுத்தும் திறனை அளக்கின்றன. நமக்கு வீடியோ போதும்: எத்தனை எட்டில் நின்றார் என்று எண்ணலாம்.

பிறகு முதல் எட்டு. பந்தைத் தட்டிக்கொண்டு புறப்படும் அந்த ஒரு எட்டில் அவருடைய தோள் தடுப்பாளரின் இடுப்பைத் தாண்டுகிறதா? ஸ்க்ரீன் (சக வீரர் குறுக்கே நின்று தடுப்பாளரை மறிப்பது) உதவி இல்லாமல், ஒருவருக்கு ஒருவராக நின்ற முறைகளை மட்டும் தனியே குறித்து, பத்தில் எத்தனை முறை தாண்டினார் என்று எழுதுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கை முழங்காலுக்குப் போகிறதா, ஷாட் ரிங்கின் முன்விளிம்பில் தட்டி நிற்கிறதா? கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், பருவத்துக்கு முப்பத்துச் சொச்சம் ஆட்டங்கள். என்.பி.ஏ.வில் 48 நிமிடம், 82 ஆட்டங்கள்.

மைதானமும் மாறும் என்பதைச் சேர்த்து எண்ணுங்கள். கல்லூரி லேன் 12 அடி அகலம், என்.பி.ஏ.வில் 16 அடி. கல்லூரியில் ஒரு பெரிய ஆள் ரிங்குக்குக் கீழே கூடாரம் போட்டு நிற்கலாம்; என்.பி.ஏ.வில் ஆளைக் காக்காமல் மூன்று நொடிக்கு மேல் லேனில் நின்றால் தண்டனை. மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் 22 அடி 1¾ அங்குலம், அங்கே 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. ஆக, கல்லூரியில் நெரிசலில் சிக்கித் திணறிய வேகமான கார்டு அங்கே மூச்சுவிடலாம். கல்லூரியில் ரிங்கடியைக் காத்து மதிப்பெண் வாங்கிய மெதுவான சென்டர், வெளியே இழுக்கப்பட்டுத் தவிக்கலாம். 2009-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாவதாகப் போன 7 அடி 3 அங்குல ஹஷீம் தபீட் அப்படித்தான் தடுமாறினார்.

கேள்வி: புள்ளிவிவரத்தில் எந்த எண் உடல்திறனைச் சரியாகக் காட்டும்?
— மதுரை வாசகர்

பதில்: எடுத்த புள்ளிகளின் சராசரி காட்டாது. 2011-இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃபிரெடெட் ஆட்டத்துக்கு 28.9 புள்ளிகளோடு நாட்டிலேயே முதலிடம். பத்தாவதாகப் போனார், என்.பி.ஏ.வில் வேரூன்றவில்லை.

ஸ்டீலும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (ஷாட்டைத் தட்டிவிடுவது) உதவும். முன்கூட்டியே உணர்வது, கையின் வேகம், நீளம் மூன்றும் சேர்ந்தால்தான் அவை வரும். ஆட்டச் சராசரியாக எடுக்காமல், 40 நிமிடத்துக்கு மாற்றுங்கள்: மொத்த ஸ்டீலை மொத்த நிமிடத்தால் வகுத்து 40-ஆல் பெருக்க வேண்டும். கார்டுக்கு 2-ஐத் தொட்டால் நிமிர்ந்து உட்காரலாம். இரண்டும் அதிகமாக இருப்பது இன்னும் நல்ல அறிகுறி. ஸோன் தடுப்பில் (ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது) ஆடுகிறவர்களுக்கு ஸ்டீல் பொய்யாக ஏறும் என்பார்கள், சில நேரம் அது சரி. ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸோனில் ஆட்டத்துக்கு 3.5 ஸ்டீல் எடுத்த மட்டீஸ் தைபல், 2019-இல் 20-ஆவதாகப் போய், 2021-லும் 2022-லும் லீகின் சிறந்த தடுப்பாட்ட அணிகளில் இடம் பிடித்தார். அவருடைய நிமிடங்களைக் குறைத்தது ஷாட் சரியாக விழாததுதான்.

ஷாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உடல்திறன் உள்ளவரின் எதிர்காலத்தை அதிகம் தீர்மானிப்பது அதுதான். மூன்று புள்ளிச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். 100 முயற்சியில் 35 விழுந்தால், அவருடைய உண்மைத் திறன் 30-ஆகவும் இருக்கலாம், 40-ஆகவும் இருக்கலாம். அவ்வளவு தற்செயல் அதில் கலந்திருக்கிறது. ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பாருங்கள். தூரம் ஒன்று, தடுப்பவர் இல்லை, கையின் தன்மை அப்படியே தெரியும்.

கவாய் லெனர்ட் சான் டியேகோ ஸ்டேட்டில் இரண்டாம் ஆண்டு மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து 29 சதவீதம்தான், ஃப்ரீ த்ரோ 76 சதவீதம். லான்ஸோ பால் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் மூன்று புள்ளியில் 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 67 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் பால் நல்ல ஷூட்டர், லெனர்ட் இல்லை. என்.பி.ஏ.வில் முதல் ஆண்டு லெனர்ட் 37.6 சதவீதம் போட்டார், பால் 30.5. பால் பின்னால் தன் ஷாட்டைத் திருத்திக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். லெனர்டுக்கு சான் அன்டோனியோவின் ஷாட் பயிற்சியாளர் சிப் எங்லண்டும் வாய்த்தார். 2011-இல் 15-ஆவதாகப் போன அவருக்கு 7 அடி 3 அங்குலக் கை விரிப்பும், விரித்தால் 11 அங்குலத்தைத் தாண்டும் உள்ளங்கையும் இருந்தன. ஷாட் மட்டும்தான் கேள்வியாக இருந்தது. அதற்கான குறிப்பு ஃப்ரீ த்ரோ கோட்டிலேயே கிடந்தது.

கேள்வி: என் மகன் இங்கே அமெரிக்காவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. 6 அடி 1 அங்குலம், ஓடி எம்பினால் 37 அங்குலம், சராசரி 14 புள்ளி. பயிற்சியாளர் ஊக்கம் தருகிறார். டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாமா?
— டாலஸ், ஒரு தந்தை

பதில்: ஐயா, முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள். டிராஃப்டில் இடங்கள் அதிகபட்சம் 60, அதிலும் சில வெளிநாட்டவர்க்குப் போய்விடும். முதல் சுற்றில் தேர்வானால் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் இல்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு அணிக்கும் மூன்று ‘டூ-வே’ ஒப்பந்தங்கள் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் உள்ளவர்கள் ஜி லீகிலும் (என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்) மேல் அணியிலும் மாறி மாறி ஆடுவார்கள்.

37 அங்குலம் நல்ல அளவு. ஆனால் 6 அடி 1 அங்குலக் கார்டுகளில் அது அவரைத் தனியாகக் காட்டாது. நீங்கள் எழுதாத மூன்று விவரம் வேண்டும்: கை விரிப்பு எவ்வளவு, எந்தப் பிரிவு அணிகளுக்கு எதிராக அந்த 14 புள்ளி, பந்தைத் தவறவிடும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது)? கை விரிப்பு 6 அடி 4 அங்குலத்தைத் தாண்டி, அசிஸ்ட் தவறுகளைப்போல் இரண்டரை மடங்கு இருந்து, பந்தைத் தட்டிக்கொண்டு வந்தபடியே 24 அடியிலிருந்து ஷாட் எடுக்க முடிந்தால் பேச இடம் உண்டு.

இந்த உயரத்துக்குப் பாடமாகப் பார்க்க வேண்டியவர் ஜேலன் பிரன்சன். வில்லனோவாவில் மூன்று ஆண்டு, 2016-லும் 2018-லும் தேசியப் பட்டம். 2018-இல் 33-ஆவதாகத்தான் போனார். பெரிதாக எம்பமாட்டார். ரிங்குக்கு அருகே இரண்டு காலையும் ஊன்றி நின்று, தடுப்பவரை முன்னே எம்பவைத்து, பிறகு போடுவார். 2024-இல் ஆல்-ஸ்டார். உங்கள் மகனை ஓடவும் எம்பவும் விடுகிற நேரத்தில் பாதியை இந்த நிற்கும் வேலைக்குக் கொடுங்கள்.

நடைமுறை இதுதான். பட்டப்படிப்பு முடியாத மாணவர், என்.பி.ஏ.வின் ஆலோசனைக் குழுவிடம் தன் வாய்ப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கலாம். பெயர் கொடுத்துவிட்டு, சிகாகோ முகாம் முடிந்த பத்து நாளுக்குள் விலகினால் கல்லூரி ஆட்டத் தகுதி போகாது. தேதியை ஒரு நாள் தவறவிட்டாலும் கல்லூரிக் கதவு மூடிவிடும், நாட்காட்டியில் சிவப்பில் எழுதி வையுங்கள். முகவர் வைப்பதென்றால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் சான்று பெற்றவர்தானா என்று உறுதி செய்த பிறகே கையெழுத்து. முகாமுக்கு அழைப்பே வரவில்லையென்றால், மறுபேச்சின்றித் திரும்பிப் போய் மூன்றாம் ஆண்டு ஆடச் சொல்லுங்கள். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்பதால், காத்திருப்பது முன்பு போல் நஷ்டமும் இல்லை.

கேள்வி: ஏழரை அடி உயரம் இருந்தால் மற்றதெல்லாம் எதற்கு?
— ஈரோடு வாசகர்

பதில்: நம் நாட்டு வேர் உள்ள ஒருவரே இதற்குச் சாட்சி. கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி வீரர் சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம். நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டில் ஆடினார். 2014-இல் யாரும் எடுக்கவில்லை. 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ அணிக்காகக் களமிறங்கி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். பெருமைப்பட வேண்டிய நாள் அது. ஆனால் அவர் அங்கே ஆடியது மூன்று ஆட்டங்கள். எதிரணி கார்டு ஸ்க்ரீனைச் சுற்றி வரும்போது அவ்வளவு பெரிய உடலை வெளியே கொண்டுவந்து, திருப்பி, மறுபடி ரிங்கடிக்குக் கொண்டுபோவது பெரும்பாடு.

கேள்வி: 22 வயது வீரரைவிட 19 வயதுக்காரரை ஏன் முந்தி எடுக்கிறார்கள்?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: 19 வயதுக்காரர் 22 வயது ஆட்களோடு மோதி அதே எண்ணை எடுத்திருந்தால், அவருக்கு இன்னும் மூன்றாண்டு வளர்ச்சி மீதி இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான். அதற்காக மூத்தவரை ஒதுக்குவது தவறு. வீபர் ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடிய டேமியன் லில்லர்ட் 2012-இல் ஆறாவதாகப் போய், மறு ஆண்டே சிறந்த புதுமுகம் ஆனார். மூத்தவரைப் பார்க்கும்போது ஆண்டுக்கு ஆண்டு என்ன புதிதாகச் சேர்த்தார் என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் ஒரே ஆட்டம் என்றால் யோசிக்க வேண்டும்.

கேள்வி: முழங்கால் அறுவை செய்துகொண்ட வீரரை நம்பி எடுக்கலாமா?
— திருச்சி, பிசியோதெரபி மாணவர்

பதில்: எந்த அறுவை என்பதைப் பொறுத்தது. 2007-இல் டுரான்டுக்கு முன்பாக முதலாவதாக எடுக்கப்பட்ட ஓஹையோ ஸ்டேட்டின் கிரெக் ஓடன், அதே செப்டம்பரில் முழங்கால் குருத்தெலும்புக்காக எலும்பில் நுண்துளையிடும் அறுவை செய்துகொண்டார். என்.பி.ஏ.வில் மொத்தம் 105 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டிஹ்வான் பிளேர் இரண்டு முழங்காலிலும் மூட்டை நிலையாகப் பிடிக்கும் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) இல்லாமலே 2009-இல் 37-ஆவதாகப் போய், பல பருவங்கள் ஆடினார். குருத்தெலும்புச் சேதம் அதிகக் கவலை தருவது. பெரிய உடல் என்றால் இன்னும் அதிகம்.

மருத்துவ அறிக்கை வெளியாருக்குக் கிடைக்காது. நாம் பார்க்கக்கூடியது, இறங்கும் விதம். எம்பி இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா? எப்போதும் ஒரே காலில் எடை விழுகிறதா? அறுவைக்கு முன்பும் பின்பும் உள்ள இரண்டு ஆட்டங்களை எடுத்து, எந்தக் காலை ஊன்றி எம்புகிறார் என்று இருபது முறை குறித்துப் பாருங்கள். ஊன்றும் கால் மாறியிருந்தால், அவர் அந்த முழங்காலை இன்னும் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.